இடது பக்கம் தூசி, வலது பக்கம் சுத்தம்: சூட்டில் நின்றுபோன லேப்டாப்பும் அதன் வாரன்டியும்

பாளையங்கோட்டையில் லேப்டாப் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். எந்த நிறுவனத்தின் அங்கீகாரமும் இல்லாத சாதாரணக் கடை. 2024-இல் என்னிடம் வந்த ஒரு விவகாரத்தை, சம்பந்தப்பட்ட தம்பியின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவர் பெயர், ஊர், லேப்டாப் நிறுவனம், விற்ற கடை எதையும் குறிப்பிடவில்லை. "சூடாகிக் கெட்டால் வாரன்டி உண்டா?" என்று என்னிடம் கேட்காத வாடிக்கையாளர் குறைவு. ஒரு வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வி அது. ஏன் முடியாது என்பது இந்த நிகழ்வில் தெரியும்.

பின்னணி

தம்பிக்கு வயது இருபத்தைந்து. முக்கூடல் பக்கத்து கிராமம். கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடிட் செய்து கொடுப்பதுதான் பிழைப்பு. கேமராக்காரர்கள் எடுத்த காட்சிகளை ஹார்ட் டிஸ்கில் கொடுப்பார்கள். இவர் வீட்டில் உட்கார்ந்து வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து, மூன்று மணி நேரப் படமும் ஐந்து நிமிடத் தொகுப்பும் செய்து திருப்பித் தருவார்.

அவருடைய அம்மா பீடி சுற்றுகிறார். அந்தப் பகுதியில் வீட்டுக்கு ஒருவராவது சுற்றுவார்கள். சுளகை (முறத்தை) மடியில் வைத்து, இலையை வெட்டி, தூளை வைத்துச் சுற்றி நூல் கட்டுவது காலையிலிருந்து சாயங்காலம் வரை நடக்கும். வீடு இரண்டே அறை. ஒரே பத்தியில் அம்மாவின் சுளகும் மகனின் லேப்டாப்பும்.

2024 ஜனவரி 19 அன்று, தை முகூர்த்தங்களை நம்பி அந்த லேப்டாப்பை வாங்கினார்கள். விலை 72,990 ரூபாய். முன்பணம் அம்மா மகளிர் குழுவில் எடுத்த கடன். மீதி மாதத் தவணை. தனி கிராபிக்ஸ் சிப்பும் இரண்டு விசிறிகளும் உள்ள மாடல். ஒரு வருட வாரன்டி, அதாவது 2025 ஜனவரி 18 வரை. கீழே விழுதல், தண்ணீர் கொட்டுதல் போன்றவற்றுக்கான கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தைக் கடையில் சொல்லியிருக்கிறார்கள். கையில் பணம் இல்லாததால் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் இந்த விவகாரத்தில் உதவியிருக்காது. அப்படிப்பட்ட திட்டங்கள் விபத்துக்கானவை; நாள்பட்ட சூடு அதில் சேராது.

மார்ச் முதல் செப்டம்பர் வரை

மார்ச் கடைசியில் லேப்டாப்பின் வலது பக்கத்திலிருந்து கரகரவென்று சத்தம் வந்தது. இரண்டு வாரம் வந்து நின்றுபோனது. சத்தம் நின்றதால் சரியாகிவிட்டது என்று தம்பி நினைத்துக்கொண்டார். அந்தத் தப்பை நான் நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறேன். விசிறியின் தாங்கி தேய்ந்தால் முதலில் சத்தம் வரும். பிறகு விசிறியே நின்றுவிடும், சத்தமும் போய்விடும்.

சித்திரை பிறந்ததும் வேலை மந்தமானது. எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்றும் எக்ஸ்போர்ட் முன்பு நாற்பது நிமிடத்தில் முடியும்; இப்போது இரண்டு மணி நேரம் இழுத்தது. ஏப்ரல் கடைசியில் வேலை நடுவே தானாக அணையத் தொடங்கியது. மே 6 அன்று, வெப்பத்தைக் காட்டும் ஒரு இலவச மென்பொருளை நண்பர் சொல்லி இறக்கிப் பார்த்திருக்கிறார். அந்தத் திரையை செல்போனில் படமெடுத்து, எடிட்டர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் "இது நார்மலா?" என்று கேட்டுப் போட்டிருக்கிறார். குழுவில் யாரோ கூலிங் பேட் வாங்கச் சொன்னார்கள். வாங்கினார்.

அதே நாள் நிறுவனத்தின் இலவச எண்ணுக்கும் பேசினார். புகார் எண் கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து ஒருவர் இணையம் வழியாக லேப்டாப்புக்குள் வந்து பயாஸை (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளை) புதுப்பித்துவிட்டு, "பிரச்சினை தீர்ந்தது" என்று மின்னஞ்சல் அனுப்பி புகாரை மூடிவிட்டார். விசிறி சுற்றுகிறதா என்று அவர் கேட்கவே இல்லை.

ஆனி, ஆடிக் காற்று எங்கள் பக்கம் எப்படி வீசும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் புழுதி. அந்தக் காலம் முழுக்க லேப்டாப் தினம் எட்டு மணி நேரம் ஓடியது. ஆவணி முகூர்த்த வேலைகள் குவிந்திருந்த செப்டம்பர் 11 அன்று, எக்ஸ்போர்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது அணைந்தது. பிறகு உயிர் வரவில்லை. அடிப்பக்க மூடி நடுவில் லேசாகப் புடைத்திருந்தது. பேட்டரி உப்பியிருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

சர்வீஸ் சென்டரின் மறுப்பு

புரட்டாசியில் முகூர்த்தம் இல்லாததால் கொஞ்சம் தாமதமாக, செப்டம்பர் 24 அன்று திருநெல்வேலியில் உள்ள சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனார். அங்கிருந்த டெக்னீஷியன் பிரித்துப் பார்த்துப் படங்கள் எடுத்தார். மூன்று நாள் கழித்து முடிவு வந்தது: "உட்புறம் தூசி அடைப்பு. வாடிக்கையாளரால் ஏற்பட்ட சேதம். வாரன்டி பொருந்தாது." மதர்போர்டு (எல்லாச் சிப்களும் இருக்கும் முதன்மைப் பலகை), விசிறிகளோடு சேர்ந்த ஹீட் சிங்க் தொகுப்பு (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்), பேட்டரி மூன்றையும் மாற்ற வரியோடு 46,800 ரூபாய் மதிப்பீடு.

வாடிக்கையாளரால் ஏற்பட்ட சேதம் என்பதன் ஆங்கிலச் சுருக்கத்தை வைத்து எங்கள் தொழிலில் "சி.ஐ.டி. போட்டுட்டாங்க" என்போம். ஒரு ஜாப் ஷீட்டில் (சர்வீஸ் சென்டரின் பழுது விவரத் தாளில்) அது ஏறிவிட்டால் இறக்குவது பெரும்பாடு.

என்னிடம் வந்தபோது

செப்டம்பர் 30 அன்று அம்மாவும் மகனுமாக வந்தார்கள். லேப்டாப் சர்வீஸ் சென்டரிலேயே இருந்தது. குறைந்த செலவில் வெளியே சரிசெய்ய முடியுமா என்று கேட்கத்தான் வந்திருந்தார்கள். அம்மா உட்காரவே இல்லை.

"அண்ணாச்சி, எந் தூளு போய்த்தான் அடைச்சிருக்குன்னு அங்க சொல்லுதாங்க. நான் பக்கத்துல உக்காந்து சுத்துனதாலதான் எம் பிள்ள மிஷினு கெட்டுச்சா?"

தெரியாமல் பதில் சொல்லக்கூடாத கேள்வி. புகையிலைத் தூள் லேப்டாப்புக்கு ஆகாதுதான். மெல்லியது, கொஞ்சம் பிசுபிசுப்பானது. வெறும் மண்தூசியைவிடக் கெட்டியாகப் படியும். அதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதனால்தான் இந்த லேப்டாப் கெட்டதா என்பது வேறு கேள்வி. "பாத்துட்டுச் சொல்லுதேன் மதினி" என்று மட்டும் சொன்னேன். டெக்னீஷியன் அனுப்பிய படங்களைக் காட்டச் சொன்னேன்.

படங்களில் கண்டது

மூன்று படங்கள். முதல் படத்தில் இடது விசிறிக்கு முன்னால் இருக்கும் ஹீட் சிங்க் தகடுகள். அவற்றின் மேல் பழுப்பு நிறத்தில் கம்பளி மாதிரித் தூசிப் படலம். மறுப்புக்கு ஆதாரமாக இதைத்தான் வட்டம் போட்டு அனுப்பியிருந்தார்கள். இரண்டாவது, உப்பிய பேட்டரி. மூன்றாவது, அடிமூடி கழற்றிய முழு லேப்டாப். அதில் வலது பக்கத் தகடுகளும் தெரிந்தன. பெரிதாக்கிப் பார்த்தேன். செம்பு பளிச்சென்று இருந்தது. ஒரு மெல்லிய படிவு மட்டும். அடைப்பு என்று எதுவும் இல்லை.

இங்கேதான் விஷயம் இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

லேப்டாப்புக்குள் தூசி தானாக நடந்து போவதில்லை. விசிறி சுற்றி காற்றை இழுக்கும்போது கூடவே வருகிறது. இழுத்த காற்று தகடுகளுக்கு இடையே உள்ள மெல்லிய சந்துகள் வழியாக வெளியேறும். தூசி அங்கே தங்கிவிடும். ஆகவே தகட்டில் தூசி சேர வேண்டுமானால் அதற்கு முன்னால் உள்ள விசிறி சுற்றியிருக்க வேண்டும். ஒரே வீடு, ஒரே காற்று, ஒரே தூள். இரண்டு விசிறியும் சுற்றியிருந்தால் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில் அடைத்திருக்க வேண்டும். இடது பக்கம் கம்பளி, வலது பக்கம் சுத்தம் என்றால், வலது விசிறி பெரும்பாலான மாதங்கள் சுற்றவே இல்லை என்றுதான் அர்த்தம்.

இன்னொன்றும் உண்டு. இந்த மாடலில் பிராசஸர், கிராபிக்ஸ் சிப் இரண்டின் மேலும் ஒரே செம்புக் குழாய்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு முனையிலும் ஒரு விசிறி. வலது விசிறி நின்றுவிட்டால் மொத்தச் சூடும் இடது முனைக்குத்தான் போயாக வேண்டும். அந்த ஒற்றை விசிறி நாள் முழுக்க உச்ச வேகத்தில் ஓடும். உச்ச வேகத்தில் ஓடும் விசிறி அதிகக் காற்றை இழுக்கும், கூடவே அதிகத் தூசியையும். இடது பக்கம் அவ்வளவு அடைத்ததற்கே வலது விசிறி செத்தது ஒரு காரணம்.

சர்வீஸ் சென்டர் தூசியைப் பார்த்தது உண்மை. அந்தத் தூசி காரணமா, விளைவா என்று பார்க்கவில்லை. வாரன்டி விவகாரத்தில் சூடு என்பதே ஒரு விடை கிடையாது. சூட்டுக்கு முன்னால் என்ன கெட்டது என்பதுதான் கேள்வி. விசிறியோ தெர்மல் பேஸ்டோ (சிப்பின் சூட்டை ஹீட் சிங்குக்குக் கடத்தும் பசை) உற்பத்திக் குறையால் கெட்டு, அதனால் சூடாகி, அதனால் போர்டு போனால், எல்லாமே வாரன்டிக்குள் வரும். பராமரிப்பில்லாமல் அடைத்து, அதனால் சூடாகிப் போர்டு போனால் வராது. இரண்டிலும் கடைசியில் மேசைமேல் இருப்பது ஒரே மாதிரி செத்த லேப்டாப்தான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

வெளியே சரிசெய்ய வேண்டாம் என்பது முதல் முடிவு. என் கடையில் செய்திருந்தால் பாதிச் செலவில் முடிந்திருக்கலாம். ஆனால் நான் ஒரு ஸ்க்ரூவைத் தொட்டாலும், "வெளியாள் பிரித்திருக்கிறார்" என்ற புதுக் காரணம் நிறுவனத்துக்குக் கிடைத்துவிடும். எங்களுடைய ஒரே பலம், அவர்களைத் தவிர யாரும் அதைத் திறக்கவில்லை என்பது. அதை விடக் கூடாது.

இரண்டாவது, உள்ளே இருக்கும் கல்யாணம். கோப்புகளைச் சேமித்துவைக்கும் எஸ்.எஸ்.டி-யில் ஆவணியில் நடந்த ஒரு கல்யாணத்தின் எடிட் முழுதாக இருந்தது. வேறு பிரதி இல்லை. பெண் வீட்டார் தினமும் போன் செய்கிறார்கள். அதை எடுக்க வேண்டும், ஆனால் நாங்கள் திறக்கக் கூடாது. நிறுவனத்தின் பயனர் கையேட்டில், எஸ்.எஸ்.டி-யையும் ரேமையும் வாடிக்கையாளரே மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தது. அதைக் காட்டி, சர்வீஸ் சென்டரிலேயே அவர்கள் கையாலேயே கழற்றித் தரும்படி எழுத்தில் கேட்டோம். அக்டோபர் 4 அன்று நானும் தம்பியும் போனோம். டெக்னீஷியன் கழற்றிக் கொடுத்து, "எஸ்.எஸ்.டி. வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கப்பட்டது, மற்ற பாகங்கள் உள்ளபடி" என்று ஜாப் ஷீட்டில் எழுதிக் கையெழுத்திட்டார். அவர் மரியாதையான பையன். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவருக்குக் கொடுத்திருந்த படிவத்தில் "உட்புறத் தூசி: ஆம், இல்லை" என்று ஒரு கட்டம் இருந்தது. "முதலில் செயலிழந்த பாகம் எது" என்ற கட்டம் இல்லை.

உப்பிய பேட்டரியை அங்கேயே கழற்றி வைக்கச் சொன்னோம். லித்தியம் பேட்டரி உப்புவது உள்ளே வாயு உண்டாவதால். அழுத்தினாலோ குத்தினாலோ தீப்பிடிக்கலாம். காய்ந்த இலையும் புகையிலையும் இருக்கும் வீட்டுக்கு அதைக் கொண்டுபோக விட எனக்கு மனமில்லை. ஸ்கேல் பக்கத்தில் வைத்துப் படமெடுத்துவிட்டு, ஒப்படைத்த விவரத்தையும் ஜாப் ஷீட்டில் ஏற்றினோம்.

எஸ்.எஸ்.டி-க்குள் இருந்த பதிவுகள்

எஸ்.எஸ்.டி-யை ஒரு வெளிப்பெட்டியில் போட்டு என் கணினியில் இணைத்தேன். பூட்டியிருந்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் முதலில் நுழையும்போதே விண்டோஸ் 11 பல லேப்டாப்களில் தகவலைத் தானாகவே பூட்டிவிடுகிறது. திறக்க 48 இலக்க மீட்பு எண் வேண்டும். தம்பி தன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து எடுத்துக் கொடுத்தார். கணக்கில் நுழைய முடியாமல் போயிருந்தால் கல்யாணமும் போயிருக்கும், வழக்கும் போயிருக்கும். முதலில் கல்யாண வீடியோவைப் பிரதியெடுத்துக் கொடுத்தேன்.

பிறகு விண்டோஸின் நிகழ்வுப் பதிவைத் திறந்தோம். கணினியில் நடக்கும் முக்கிய விஷயங்களைத் தேதி, நேரத்தோடு எழுதிவைக்கும் கோப்பு அது. சூடு எல்லை தாண்டி அணைந்தால் 'கெர்னல் பவர்' என்ற தலைப்பில் 86 என்ற எண்ணோடு ஒரு வரி ஏறும். காரணம் சொல்லாமல் திடீரென்று அணைந்தால் ஏறுவது 41. இரண்டும் வேறு வேறு. 41 மின்வெட்டிலும் வரும் என்பதால் அதை வைத்துக்கொண்டு வாதாட முடியாது. எங்களுக்கு வேண்டியது 86.

முதல் 86 ஏப்ரல் 23 அன்று ஏறியிருந்தது. மே 6-க்குள் ஐந்து தடவை. பயாஸ் புதுப்பித்து "பிரச்சினை தீர்ந்தது" என்று மூடிய மறுநாளே ஆறாவது. செப்டம்பர் 11 வரை மொத்தம் 38.

இதோடு தம்பியிடம், "மே மாசம் எதாவது படம் எடுத்தியா?" என்று கேட்டேன். அப்போதுதான் வாட்ஸ்அப் குழுவில் போட்டது நினைவுக்கு வந்தது. மே 6, மாலை 4:12. பிராசஸர் 97 டிகிரி. முதல் விசிறி நிமிடத்துக்கு 4,800 சுற்று. இரண்டாவது விசிறி பூஜ்யம். சில லேப்டாப்களில் சூடு குறைவாக இருந்தால் விசிறி நிற்பது இயல்பு. 97 டிகிரியில் நிற்பது இயல்பு கிடையாது. லேப்டாப் வாங்கி நாலு மாதம்கூட ஆகவில்லை. ஆனிக் காற்றும் இன்னும் தொடங்கவில்லை.

கடிதப் போக்குவரத்து

அக்டோபர் 9 அன்று நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். கோபமாக ஒரு வார்த்தை வேண்டாம் என்று தம்பியிடம் சொன்னேன். பில், மே மாதப் புகார் எண், புகாரை மூடிய அவர்களுடைய மின்னஞ்சல், விசிறி பூஜ்யம் காட்டிய படம், நிகழ்வுப் பதிவு, அவர்களே எடுத்த மூன்று படங்கள் எல்லாம் இணைப்பில். கடிதத்தில் ஒரே கேள்வி: "தூசிதான் காரணம் என்றால், வலது பக்கத் தகடுகளில் ஏன் தூசி இல்லை? முதலில் செயலிழந்த பாகம் எது என்று எழுத்தில் தெரிவிக்கவும்."

15-ஆம் தேதி வந்த பதில் எங்கள் கேள்வியைத் தொடவே இல்லை. தூசி நுழைவு வாரன்டியில் சேராது என்று பழைய வாசகமே. மறுபடி எழுதினோம். 24-ஆம் தேதி பதிலில் இரண்டு புதுக் காரணங்கள் வந்தன. ஒன்று, லேப்டாப் 5 முதல் 35 டிகிரி வரையான சூழலில் இயங்க வடிவமைக்கப்பட்டது என்பது. மற்றது, வணிகப் பயன்பாட்டுக்கு உட்படுத்தியிருக்கிறீர்கள் என்பது.

முதல் காரணத்தைப் படித்தபோது எனக்கு ஆற்றாமைதான் வந்தது. சித்திரை வைகாசியில் பாளையங்கோட்டை வெயில் 38 டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே இல்லை. அப்படியானால் இந்த ஊரில் கோடையில் ஏசி இல்லாத வீட்டில் லேப்டாப் வைத்திருக்கவே கூடாதா? வாங்கும்போது கடையில் யாரும் அதைச் சொல்லவில்லை. அதைவிட முக்கியம், 35 டிகிரி வரம்பு லேப்டாப்பின் வேகம் குறைவதை விளக்கலாம். ஒரு விசிறி மட்டும் சுழலாமல் நிற்பதை விளக்காது. பதிலில் ஆற்றாமையை விட்டுவிட்டு இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் எழுதினோம்.

இரண்டாவதுக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காக வாங்குபவரை நுகர்வோர் ஆகக் கருதாது. ஆனால் பிரிவு 2(7)-இன் விளக்கம், சுயதொழில் செய்து தன் பிழைப்புக்காக மட்டுமே ஒரு பொருளைப் பயன்படுத்துவதை வணிக நோக்கத்திலிருந்து விலக்கிவைக்கிறது. ஆளை வைத்து ஸ்டூடியோ நடத்துபவர் வேறு; இரண்டு அறை வீட்டில் தானே எடிட் செய்து சாப்பிடுபவர் வேறு. தம்பி இரண்டாவது வகை. தையல் மிஷின் வைத்துப் பிழைக்கும் அக்காமாருக்கும், ஜெராக்ஸ் மிஷின் வைத்திருப்பவர்களுக்கும் இதே விளக்கம் பொருந்தும்.

அக்டோபர் 28 அன்று 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தோம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். அதற்கு உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்கும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் புகார் வேறு மேசைக்குப் போகிறது என்பது என் அனுபவம்.

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகவும் மனு எழுதி வைத்திருந்தோம். புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். நிறுவனத்தின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் சரி. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். பொருளின் குறையைச் சோதனை செய்தால்தான் தெரியும் என்றால், ஆணையமே அதை ஆய்வகத்துக்கு அனுப்ப பிரிவு 38-இல் இடம் உண்டு. ஒரு விசிறி சுழல்கிறதா என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை, ஆனாலும் மனுவில் அதைக் கேட்டிருந்தோம்.

முடிவு

மனு போட வேண்டியிருக்கவில்லை. நவம்பர் 12 அன்று, மறுபரிசோதனை செய்வதாக அழைப்பு வந்தது. வெளியூரிலிருந்து ஒரு மூத்த பொறியாளர் வந்திருந்தார். எங்களையும் பக்கத்தில் நிற்க அனுமதித்தார். இடது விசிறிக்குத் தனியாக மின்சாரம் கொடுத்தார். தூசியோடு தூசியாகச் சுற்றியது. வலது விசிறிக்குக் கொடுத்தார். சுற்றவில்லை. விரலால் தள்ளினார், அச்சு இறுகிப்போயிருந்தது. வேறொன்றும் பேசாமல் எழுதினார்.

நவம்பர் 21 அன்று முடிவு வந்தது. மதர்போர்டும் ஹீட் சிங்க் தொகுப்பும் வாரன்டியில் மாற்றித் தரப்படும். போர்டில் கிராபிக்ஸ் சிப்புக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதியில் ஷார்ட் என்று ஜாப் ஷீட்டில் இருந்தது. வலது விசிறி குளிர்விக்க வேண்டிய பக்கம் அதுதான். பிராசஸர், கிராபிக்ஸ் சிப் இரண்டும் எல்லை தாண்டினால் தம்மைத் தாமே மெதுவாக்கிக்கொள்ளும், அணைத்துக்கொள்ளும். சுற்றியிருக்கும் சின்னப் பாகங்களுக்கு அந்தக் காவல் இல்லை. மாதக்கணக்கில் வேகுவது அவைதான்.

பேட்டரியை மட்டும் மறுத்துவிட்டார்கள். சூட்டில் உப்பியது பயன்பாட்டால் வந்தது என்றார்கள். அதே சூடு, அதே விசிறி. போர்டுக்குப் பொருந்திய நியாயம் பேட்டரிக்கு ஏன் பொருந்தாது என்று எனக்கு இன்றும் புரியவில்லை. வழக்குப் போட்டால் கிடைத்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கார்த்திகை முகூர்த்தம் தொடங்கிவிட்டது. தம்பி 6,900 ரூபாய் கட்டி புது பேட்டரி போட்டுக்கொண்டார். "விடுங்க அண்ணாச்சி, ரெண்டு கல்யாணம் எடிட் பண்ணா வந்துரும்" என்றார். நவம்பர் 29 அன்று லேப்டாப் கைக்கு வந்தது.

46,800-இல் 6,900 போக மீதி தப்பியது. ஆனால் இரண்டரை மாதம் வேலை கெட்டது. ஐப்பசி வேலைகளுக்கு வாடகைக்கு ஒரு கணினி எடுத்ததில் 7,500 ரூபாய் போனது. இரண்டு வேலைகள் வேறு ஆளுக்குப் போய்விட்டன. அதற்கு யாரும் ஈடு தரவில்லை, நாங்கள் கேட்கவும் இல்லை. கேட்டிருக்க வேண்டும்.

எங்கே பிசகியது, எதை மாற்றிச் செய்வோம்

மார்ச்சில் சத்தம் வந்தபோதே புகார் கொடுத்திருந்தால் ஒரு விசிறியோடு முடிந்திருக்கும். புது லேப்டாப்பில் கரகர சத்தம் கேட்டால் பத்து நொடி வீடியோ எடுத்து, அன்றைக்கே புகார் எண் வாங்கிவிட வேண்டும் என்று இப்போது என் வாடிக்கையாளர் எல்லாருக்கும் சொல்கிறேன்.

மே 8 அன்று புகாரை மூடிய மின்னஞ்சலுக்கு "தீரவில்லை, இன்றும் அணைந்தது" என்று ஒரு வரி பதில் போட்டிருந்தால் புகார் திறந்தே இருந்திருக்கும். தம்பி அதைச் செய்யவில்லை. மூடியது மூடியதுதான் என்று நினைத்துவிட்டார். ஆனாலும் அந்த மே மாதப் புகார் எண் இல்லாவிட்டால் நாங்கள் ஜெயித்திருக்க மாட்டோம் என்பது என் உறுதியான எண்ணம். வாரன்டிக் காலத்துக்குள், சேதம் முற்றுவதற்கு முன்னால், இதே குறையை எழுத்தில் சொல்லியிருந்தார் என்பதை அது காட்டியது.

நான் செய்த பிழை ஒன்று உண்டு. அக்டோபர் 4 அன்று சர்வீஸ் சென்டரில் மூடி திறந்திருந்தபோதே வலது விசிறியை விரலால் தள்ளிப் பார்க்கும்படி டெக்னீஷியனிடம் கேட்டிருக்கலாம். எஸ்.எஸ்.டி. நினைப்பில் விட்டுவிட்டேன். ஒரு நிமிட வேலை. அதைச் செய்து ஜாப் ஷீட்டில் ஏற்றியிருந்தால் ஒரு மாதம் மிஞ்சியிருக்கும்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அடைத்திருந்து, இரண்டு விசிறியும் சுற்றிக்கொண்டிருந்தால், "நிறுவனம் சொல்வது சரி, பணத்தைக் கட்டு" என்றுதான் தம்பியிடம் சொல்லியிருப்பேன். சில மாதம் முன்பு ராதாபுரம் பக்கத்திலிருந்து ஒருவர் கொண்டுவந்த லேப்டாப்பில் இரண்டு பக்கமும் தேரிச் செம்மண் சமமாகப் படிந்திருந்தது. அவரும் நிறுவனத்தோடு சண்டை போட வேண்டும் என்றுதான் வந்தார். வேண்டாம் என்று சொல்லி, சுத்தம் செய்து, பேஸ்ட் மாற்றிக் கொடுத்தேன்; இன்னும் ஓடுகிறது.

இப்போது

போர்டு மாற்றிய வாரத்தில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா சுளகைத் திண்ணைக்கு மாற்றியிருந்தார். லேப்டாப்புக்கு உயரமான ஒரு மரப்பலகை, மெத்தையில் வைப்பதில்லை. செல்போனில் அந்த மூன்றாவது படத்தை எடுத்து, பளிச்சென்று இருந்த வலது பக்கத்தைக் காட்டினேன்.

"இது சுத்தாததாலதான் எல்லாம் வந்துச்சு மதினி. இது வாங்கும்போதே உள்ள குறையோட வந்தது. உங்க தூளு இல்ல."

ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப தூளும் கொஞ்சம் போயிருக்குல்லா" என்று இடது பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். போயிருக்கிறது என்றேன். பொய் சொல்ல முடியவில்லை.

தம்பி இப்போது மாதம் முதல் தேதியில் ஒரு எக்ஸ்போர்ட்டை ஓடவிட்டு, இரண்டு விசிறிகளின் சுழற்சி எண்ணையும் படமெடுத்து எனக்கு அனுப்புகிறார். கடைசியாக வந்த படத்தில் இடது 4,300, வலது 4,250.